டாவின்ச்சி ரிசால்வ் டிரான்சிஷன்கள்: சில வருடம் புழங்கிய பிறகு

டாவின்ச்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில்தான் சில வருடங்களாக எடிட் செய்கிறேன். பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, நடுவில் எப்போதாவது யாராவது உட்கார்ந்து பேசும் பேட்டி. எஃபெக்ட்ஸ் பகுதியைத் திறந்தால், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குப் போக உதவும் டிரான்சிஷன்கள் வரிசைகட்டி நிற்கும், அதில் நான் தொடுவது கிராஸ் டிசால்வ் (ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெரிவது), டிப் டு கலர் (நடுவில் ஒரு நிறத்துக்குப் போய் வருவது), அபூர்வமாக ஸ்மூத் கட். அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டு கிளிப்புக்கு நடுவே டிசால்வைக் கொண்டுவந்து விட்டால், போதிய ஹேண்டில் (வெட்டுக்கு வெளியே மிச்சம் இருக்கும் காட்சி) இல்லை, கிளிப்பைக் குறைக்கவா என்று ரிசால்வ் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வினாடி டிசால்வ் என்றால் அந்த ஒரு வினாடி முழுக்க இரண்டு படமும் சேர்ந்து ஓட வேண்டும், வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் வெட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, ஆக முதல் கிளிப்பில் வெட்டுக்குப் பின்னாலும் இரண்டாவதில் வெட்டுக்கு முன்னாலும் 12, 13 ஃபிரேம் மிச்சம் கிடக்க வேண்டும். கிளிப்பை முழு நீளத்துக்கும் போட்டுவிட்டால் அது எங்கிருந்து வரும்? குறைத்துக்கொள் என்று அனுமதி கொடுக்கலாம்தான், ஆனால் தாலி கட்டுகிற ஷாட்டில் அரை வினாடி போனாலும் போனதுதான். அதனால் கேமரா பிடிக்கிற தம்பியிடம் எப்போதும் சொல்வது, இரண்டு வினாடி முன்னாலேயே ரெக்கார்டை அழுத்து, முடிந்ததும் உடனே நிறுத்தாதே. டிரான்சிஷனில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கீபோர்டில் கண்ட்ரோலும் T எழுத்தும் அழுத்தினால் டிரான்சிஷன் படம், ஒலி இரண்டுக்கும் சேர்ந்து விழும். ஆல்ட்டும் T-யும் படத்துக்கு மட்டும், ஷிஃப்ட்டும் T-யும் ஒலிக்கு மட்டும். நான் அதிகம் அழுத்துவது இந்தக் கடைசி ஒன்றைத்தான். வெட்டு விழுந்த இடத்தில் சில சமயம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், இரண்டு ஃபிரேம் ஒலி கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி குறையக் குறைய அடுத்தது ஏறுவது) போட்டால் பெரும்பாலும் காணாமல் போகும். அதைவிட நல்லது ஒலியை முன்னால் நகர்த்துவது: மணப்பெண் அறையில் தயாராகிக்கொண்டிருக்கும்போதே மண்டபத்து நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்தால், அப்புறம் மேடைக்கு நேராக வெட்டினாலும் உறுத்தாது, எஃபெக்ட்டே தேவைப்படாது. டைம்லைனுக்கு மேலே இருக்கும் சங்கிலிக் குறியை அணைத்துவிட்டு ஒலியின் ஓரத்தை மட்டும் இழுத்தால் ஆச்சு.

ஸ்மூத் கட் பேட்டிக்கு. பேசுகிறவர் நடுவில் ‘ம்ம்’ என்று இழுத்ததை வெட்டினால் தலை ஒரு குதி குதிக்கும் இல்லையா, அதை இடைப்பட்ட ஃபிரேம்களை உருவாக்கி நிரப்பி மறைக்கிறது. நாலைந்து ஃபிரேமுக்கு மேல் வைக்காதீர்கள். கை ஆட்டிப் பேசுகிறவர் என்றாலோ பின்னால் ஆள் நடந்தாலோ முகம் ஜெல்லி மாதிரி நெளியும், அங்கே வேறு ஒரு ஷாட்டை மேலே போட்டு மூடுவதுதான் வழி.

கல்யாண வீட்டில் இதய வடிவத்தில் திறப்பதும், பக்கம் புரள்வதும் கேட்பார்கள். ஆல்பப் பாட்டில் ஓரிரண்டு இடத்தில் கொடுத்துவிடுவேன், சடங்குக்கு நடுவே கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவது வழக்கம், சின்ன மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை. ரிசால்வுக்குள்ளேயே இருக்கும் ஃபியூஷன் என்ற கிராஃபிக்ஸ் பகுதியில் செய்த டிரான்சிஷன்கள் பார்க்க ஜோராக இருக்கும், கிராபிக்ஸ் கார்டு சுமாரான என் லேப்டாப்பில் ரெண்டர் கேஷ் (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைப்பது) இல்லாமல் ஓடாது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்கு மட்டுமான எஃபெக்ட்டை இலவசத்தில் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும், எக்ஸ்போர்ட் செய்த பிறகு பார்த்து அலறாமல் இருக்க முதலிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகிற வீடியோ என்றால் நீள டிசால்வைக் குறையுங்கள். இரண்டு படம் கலந்து ஒவ்வொரு ஃபிரேமும் மாறிக்கொண்டே இருப்பதைச் சுருக்குவது கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கும் முறைக்கு) கஷ்டம், வினாடிக்குக் கிடைக்கும் டேட்டா குறைவாக இருக்கும் குறைந்த பிட்ரேட்டில் அந்த ஒரு வினாடி மட்டும் கட்டம் கட்டமாக உடையும். அதற்கு நேரடி வெட்டே மேல்.