கதவைக் கோத்துப் பூட்டும் முன்பே வார்னிஷ்: நல்லதுதான், ஆனால்...

சட்டமும் பலகையுமாகச் செய்யும் அலமாரிக் கதவுக்கு, இரண்டையும் கோத்துப் பூட்டுவதற்கு முன் வார்னிஷ் அடிப்பதா, பூட்டியபின் அடிப்பதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டு விதமாகவும் செய்த தேக்கு அலமாரிகள் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் தினமும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பூட்டியபின் அடித்த கதவு புதிதில் பார்க்க அப்படி அழகு. காற்று வறண்டதும் பலகை சுருங்கும்; அதுவரை சட்டத்தின் காடிக்குள், அதாவது பலகை நுழையும் பள்ளத்துக்குள், ஒளிந்திருந்த ஓரம், வார்னிஷே படாத ஓரம், வெளிறிய கோடாக எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் மறையும், வறண்டால் திரும்ப வரும். தேக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர், அதிலேயே 400 மில்லிமீட்டர் அகலப் பலகை, மரத்துக்குள் இருக்கும் ஈரம் 4 சதவீதம் இறங்கினால் சுமார் 3 மில்லிமீட்டர் குறுகிவிடும். நார் ஓடும் நீளத்தில் அநேகமாக ஒன்றுமில்லை, எல்லாம் அகலத்தில்தான். வார்னிஷ் அடித்தால் அசையாது என்று சிலர் சொல்வார்கள். வார்னிஷ் ஈரம் போய்வருவதை மெதுவாக்கும், நிறுத்தாது. போதாததற்கு, பூட்டியபின் தாராளமாக அடித்தால் வார்னிஷ் காடிக்குள் வழிந்து பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிடும். அசைய இடமில்லாத பலகை சுருங்கும்போது வெடிக்கத்தான் செய்யும்.

முன்பே அடித்த கதவில் இந்தக் கோடு கிடையவே கிடையாது. நான் எதிர்பார்க்காத சுகம் பசையில் கிடைத்தது: மூட்டிலிருந்து பிதுங்கும் வெள்ளைப் பசை காய்ந்த வார்னிஷில் பிடிப்பதில்லை, கொஞ்சம் இறுகியதும் உளியால் நெம்பினால் தோலாக உரிந்து வருகிறது. வெறும் மரமாக இருந்தால் அந்தப் பசை உள்ளே ஊறி, பிறகு அடிக்கும் வார்னிஷுக்கு அடியில் திட்டாகத் தெரியும்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் நிற்கும் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை மேடு இருக்கும். இழைப்புளியோ உப்புத்தாளோ போட்டுச் சமப்படுத்தினால் அங்கே வார்னிஷ் காலி. அரக்கு பாலிஷ் என்றால் புதுப் பூச்சு பழையதைக் கரைத்துக்கொண்டு கலந்துவிடும், பாலியூரித்தேன் வகை வார்னிஷில் ஒட்டுப்போட்ட விளிம்பு தெரிந்துகொண்டே இருக்கும். ஆக, சட்டத்தின் முகத்தை முன்பே முடிப்பதில் அர்த்தமில்லை. பலகையை இரண்டு பக்கமும் முழுசாக, சட்டத்தின் உள்விளிம்பை மட்டும் முன்னால். முகத்தைப் பூட்டிச் சமப்படுத்திய பிறகு, பளபளவென்றிருக்கும் பலகையில் தூரிகை படாமல். ஒரே வேலை இரண்டாகிவிட்டது, இல்லையா? இதோடு, சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று சேரும் கழுந்திலும் (நுழையும் முனை) அதன் துளையிலும் வார்னிஷ் பட்டால் பசை பிடிக்காது என்று டேப் ஒட்டு, பிறகு உரி. வெறும் மரமாகக் காடியில் சுலபமாக நுழைந்த பலகை, மூன்று பூச்சுக்குப் பிறகு ஓரம் தடித்து உள்ளே போக மறுக்கும். அதற்கும் முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் குறை எல்லாம் பட்டறையில்தான், வீட்டுக்கு வந்தபின் அந்தக் கதவு ஒரு தொந்தரவும் தந்ததில்லை. முழு மரப் பலகை போடுகிறீர்கள் என்றால் யோசிக்காமல் முன்பே அடியுங்கள், பலகையின் ஓரத்தில் கொஞ்சம் மெழுகும் தேய்த்துவிடுங்கள், பசை பிடிக்காது. எனக்கு இனி வேண்டாம் சாமி. அடுத்த கதவுக்குத் தேக்கு முகம் ஒட்டிய பிளைவுட் வாங்கிவிட்டேன். அது அசைவது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை, காடியிலேயே பசை போட்டு ஒட்டிவிடலாம், எல்லாவற்றையும் பூட்டிச் சமப்படுத்தி அப்புறம் ஒரே தடவையாக வார்னிஷ். பக்கத்தில் நின்று பார்த்தால் முழு மரத்தின் அழகு அதற்கு வராது, தெரிந்துதான் வாங்கினேன்.