மோட் செய்த 3டிஎஸ்: பூட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பூட்9ஸ்ட்ராப், லூமா என்ற அதிகாரபூர்வமற்ற மென்பொருள்களை நிறுவி மோட் செய்த நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்தக் காலத்தில் அது பூட் ஆகாமல் நின்ற சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு ஃபர்ம்வேரில் (கருவியின் அடிப்படை மென்பொருளில்) இல்லை, எஸ்டி கார்டில்தான் இருந்தது. திரை கறுப்பாக இருப்பதைக் கண்டதும் கருவி ‘பிரிக்’ ஆகிவிட்டது, அதாவது இனி இயங்காதபடி செங்கல்போல் முடங்கிவிட்டது என்று முடிவுகட்டி, கிடைத்த கோப்புகளையெல்லாம் உள்நினைவகத்தில் எழுதத் தொடங்கினால், எளிதில் மீட்கக்கூடிய கருவியும் உண்மையாகவே கெட்டுப்போகும். ஆகவே எதையும் எழுதுவதற்கு முன், பூட் எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் இயங்குவது சிப்புக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும் பூட்ரோம். அது உள்நினைவகத்தில் (நேண்ட்) ஃபர்ம்வேர் இருக்கும் ஃபர்ம் பகுதியைப் படித்து, அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே இயக்கும். அந்தச் சரிபார்ப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 2017-இல் வெளிவந்ததுதான் பூட்9ஸ்ட்ராப். ஓட்டை ரோமிலேயே இருப்பதால், விற்பனையாகிவிட்ட கருவிகளில் எந்த அப்டேட்டாலும் அதை அடைக்க இயலாது. பூட்9ஸ்ட்ராப்பின் வேலை மிகச் சிறியது. எஸ்டி கார்டில், எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், ‘பூட்.ஃபர்ம்’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் உள்நினைவகத்தில் தேடும். அங்கும் இல்லையென்றால் கருவி சில நொடிகளில் தானாக அணைந்துவிடும். அந்தக் கோப்பு வேறொன்றுமில்லை, லூமாதான். லூமா அதிகாரபூர்வ ஃபர்ம்வேரை எடுத்து, ஓடும்போதே திருத்தி இயக்குகிறது.

இந்த வரிசை மனதில் இருந்தால் சோதனை தானாக அமைந்துவிடும். செலக்ட் பொத்தானை அழுத்தியபடியே கருவியை இயக்கும்போது லூமாவின் அமைப்புத் திரை தோன்றினால், பூட்9ஸ்ட்ராப்பும் லூமாவும் திரையும் நலமாக இருக்கின்றன என்று பொருள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபடி இயக்கும்போது, கார்டில் வைத்திருக்கும் காட்மோட்9 என்ற கோப்பு மேலாண்மை நிரல் திறந்தால், கார்டைப் படிப்பதிலும் அடிப்படையான தடை எதுவும் இல்லை. இவ்விரண்டும் வேலை செய்தும் கருவியின் முதன்மைத் திரையான ஹோம் மெனு மட்டும் வரவில்லை என்றால், பூட்9ஸ்ட்ராப்பை மறுபடி நிறுவுவதில் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

அடுத்த சோதனை, கார்டைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்ப்பது. உள்நினைவகத்தில் லூமாவின் நகல் ஒன்று இருந்து, கார்டு இல்லாதபோது ஹோம் மெனு வந்துவிட்டால், குற்றவாளி கார்டோ அதில் உள்ள தரவோதான். பிறகு கார்டைக் கணினியில் செருகி, ‘நின்டெண்டோ 3டிஎஸ்’ என்ற ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றி மீண்டும் முயல வேண்டும். இப்போது பூட் ஆனால் கார்டு சரி, ஃபோல்டருக்குள்ளே ஏதோ ஒன்று பழுது. ஹோம் மெனு தன் தீம் முதலிய தரவுகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்டேட்டா பழுதடைந்து மெனுவையே முடக்குவது, நான் கண்டவற்றில் அடிக்கடி நிகழும் கோளாறு. அந்த ஒரு துணை ஃபோல்டரை நகலெடுத்துக்கொண்டு நீக்கினால் போதும். ஐகான்களின் வரிசையும் தீமும் போகும், விளையாட்டுகளும் சேவ்களும் அப்படியே இருக்கும்.

கார்டைப் பற்றி இன்னும் சில. 3டிஎஸ்ஸுக்கு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டு வேண்டும், எக்ஸ்ஃபேட் முறையை அது ஏற்காது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில்தான் விற்கப்படுகின்றன. எனவே அவற்றை வாங்கியவுடன் தனி மென்பொருள் கொண்டு மாற்ற வேண்டும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகள் இதைவிடப் பெரிய தொல்லை: உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை ஒழுங்காக நடந்துகொண்டு, அதன் பிறகு பழைய தரவின் மேலேயே எழுதிவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற கருவிநிரல்களால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதிக்காமல் எந்தக் கார்டையும் நான் 3டிஎஸ்ஸில் செருகுவதில்லை. நிறைய நிரப்பிய பெரிய கார்டில் முதல் பூட்டின்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கக்கூடும். அது கோளாறல்ல, பொறுமையிழந்து அணைக்கக் கூடாது.

லூமாவில் நான் மிகவும் மதிப்பது அதன் பிழைத் திரையை. கருவி பாதியில் நொறுங்கினால், எந்தப் புராசஸர், என்ன வகைப் பிழை, அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரல் எது என்பதைக் காட்டி, முழு விவரத்தையும் கார்டில் ‘டம்ப்ஸ்’ என்ற ஃபோல்டரில் எழுதிவைக்கிறது. நிரலின் இடத்தில் ‘மெனு’ என்று இருந்தால் முன் சொன்ன எக்ஸ்ட்டேட்டாவின் பக்கம் பார்க்கலாம். குறிப்பிட்ட ஒரு விளையாட்டின் பெயர் இருந்தால், அதைத் திருத்துவதற்காகச் சேர்த்த பேட்ச் கோப்பை எடுத்துவிட்டோ, அமைப்புத் திரையில் ‘கேம் பேட்சிங்’ வசதியை நிறுத்திவிட்டோ பார்க்கலாம். இந்தத் திரையைப் படிக்காமலே கடந்துவிடுபவர்களே அதிகம்.

அதிகாரபூர்வ அப்டேட்டைப் பொறுத்தவரை, பூட்9ஸ்ட்ராப் இருக்கும் இடத்தை அப்டேட் அழித்துவிடாமல் லூமா காக்கிறது. ஆனால் பழைய லூமா புதிய ஃபர்ம்வேரைத் திருத்தத் தெரியாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடலாம். அப்போது செய்ய வேண்டியது, புதிய லூமாவின் ‘பூட்.ஃபர்ம்’ கோப்பைப் பழையதன் மேல் வைப்பது மட்டுமே.

காட்மோட்9 எடுத்துத்தரும் ‘எசென்ஷியல்’ என்ற காப்புக் கோப்பு அளவில் சிறியது. ஆயினும் அந்தக் கருவிக்கே உரிய சாவிகள் அதில்தான் உள்ளன. வேறொரு கருவியின் நேண்ட் நகல் அதற்கு மாற்றாகாது. கார்டில் உள்ள தரவு ‘மூவபிள்.செட்’ என்ற கோப்பின் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. கருவியை ஃபார்மேட் செய்தால் அச்சாவி மாறி, கார்டில் 32 எழுத்துப் பெயருடைய புதிய ஃபோல்டர் ஒன்று உருவாகும். விளையாட்டுகள் திடீரென்று மறைந்துவிட்டன என்று யாராவது சொன்னால், அப்படிப்பட்ட ஃபோல்டர்கள் இரண்டு இருக்கின்றனவா என்றே முதலில் கேட்பேன்.

உள்நினைவகத்தின் ஃபர்ம் பகுதியே அழிந்துபோனாலும் ஒரு வழி மீதமுள்ளது. ஸ்டார்ட், செலக்ட், எக்ஸ் ஆகிய மூன்றையும் அழுத்தியபடி, கருவி மடித்து மூடப்பட்ட நிலையில் இயக்கினால், பூட்ரோம் டிஎஸ் கார்ட்ரிட்ஜிலிருந்தே பூட் செய்ய முயலும். அதற்கெனத் தயார்செய்த ஃப்ளாஷ்கார்ட் (நாமே மென்பொருளை எழுதக்கூடிய கார்ட்ரிட்ஜ்) ஒன்றும், தான் மூடப்பட்டிருப்பதாகக் கருவியை நம்பவைக்கும் சிறு காந்தம் ஒன்றும் போதும். மடங்காத பழைய 2டிஎஸ்ஸில் ஸ்லீப் சுவிட்ச் இருப்பதால் காந்தமும் வேண்டாம். தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழி இது, ஆனால் தேவைப்படுவது மிக அரிது.

பொத்தானை அழுத்தியதும் நீல விளக்கு எரிந்து, ‘டப்’ என்ற ஒலியுடன் உடனே அணைந்தால், மேலே சொன்ன எதற்கும் அங்கே இடமில்லை. அது பெரும்பாலும் மேல்திரைக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிள் கழன்றதாலோ அறுந்ததாலோ நேர்வது. அதேபோல், உறையைக் கழற்றிப் பொருத்திய பிறகு பூட் ஆகாமல் போனால், மதர்போர்டில் செருகியிருக்கும் வைஃபை மாட்யூலை எடுத்து மீண்டும் சரியாக அழுத்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். அது தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டாலும் கருவி கறுப்புத் திரையுடன் நின்றுவிடும்.