ஸ்டாரோவா, மிஸ்டர் மைண்டா?

அமெரிக்க காமிக்ஸில் மனசைப் பிடித்து ஆட்டும் வேற்றுக்கிரக வில்லன்களில் யார் பெரியவன் என்று பாளையங்கோட்டை டீக்கடையில் பேச்சு வந்தால், என் ஓட்டு ஸ்டாரோவுக்கு. 1960-இல் ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்தின் முதல் கதையிலேயே வந்த ராட்சத நட்சத்திரமீன். பின்னாளில் குட்டி மீன்களை ஏவும். முகத்தில் அப்பிக்கொண்டால் ஆள் அடிமை. முதல் கதையில் அதை அடக்கியது என்ன தெரியுமா? வெறும் சுண்ணாம்பு! புல்தரையில் சுண்ணாம்பு தூவிய ஸ்னாப்பர் கார் என்ற பையனிடம் அதன் வசியம் பலிக்கவில்லை. அப்புறம் லீக் ஆட்கள் அதன்மேலேயே சுண்ணாம்பைக் கொட்டிவிட்டார்கள்.

"அப்போ வெத்தல போடுற எங்க ஆச்சிகிட்ட வாலாட்ட முடியாதுல்லாடே" என்றான் கூட்டாளி.

அவன் கட்சி மிஸ்டர் மைண்ட். 1943-இல் முதலில் குரலாக மட்டும் வந்து, பிறகு பார்த்தால் கண்ணாடி போட்ட புழு! தந்திரத்தில் கெட்டி, சரி. காதுக்குள் புகுந்து ஆட்டிவைப்பதெல்லாம் பிற்காலச் சரக்கு.