பழைய கார்புரேட்டர் டிரக்கும் ஒரு வேக்குவம் கேஜும்: பல வருட அனுபவம்

பழைய பெட்ரோல் டிரக் ஐட்லிங்கில் குலுங்கி மிஸ்ஸிங் அடித்தால் உடனே கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். பல வருடமாக என் டிரக்கை நானே பார்த்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம், முதலில் ஒரு வேக்குவம் கேஜ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிட அளவை முள்ளால் காட்டும் மீட்டர்) வாங்குங்கள். விலை குறைவுதான், ஆனால் என் டூல் பாக்ஸில் இதைப் போல உழைத்தது வேறு எதுவும் இல்லை.

இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரில் இருந்து இன்ஜினுக்குக் கலவை போகும் குழாய்த் தொகுதி) இருந்து நேராக வரும் ட்யூபில் மாட்ட வேண்டும். த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் திறக்கும் தட்டு) மேலே உள்ள போர்ட்டில் மாட்டினால் ஐட்லிங்கில் முள் எழவே எழாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு முள் 17-க்கும் 21 அங்குலத்துக்கும் (பாதரச அங்குலம்) நடுவில் ஆடாமல் நிற்க வேண்டும், மேடான ஊர் என்றால் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 1 அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். ஆடாமல் ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரம்) லேட்டாக இருக்கும், இல்லை எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது. ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

என் டிரக்கில் முள் தாழ்ந்தே நின்றது, டைமிங் சரி, மிக்சர் ஸ்குரூவை (ஐட்லிங்கில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் திருகு) எவ்வளவு திறந்தாலும் ஐட்லிங் நிலைக்கவில்லை. கார்புரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தேன் (லீக் இருந்தால் இன்ஜின் அதை உள்ளே இழுக்கும்), பின்பக்க மூலையில் பட்டதும் இன்ஜின் சத்தமே மாறியது. அடி காஸ்கெட் (காற்று புகாமல் அடைக்கும் தகடு) அந்த மூலையில் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. காஸ்கெட்டை மாற்றி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன் (ஒரே பக்கம் இறுக்கினால் அடித்தட்டு வளைந்துவிடும்), முள் மேலே ஏறி நின்றது. ஒரு எச்சரிக்கை: கிளீனர் சட்டென்று தீப்பிடிக்கும், சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்கவே கூடாது, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு முறை பிரேக் பூஸ்டர் ட்யூப் (பிரேக்குக்கு உதவ இன்ஜின் வேக்குவத்தைக் கொண்டுபோவது) லீக். நின்ற இடத்தில் ட்யூபை ஒரு நிமிடம் இடுக்கியால் நசுக்கியதும் ஐட்லிங் சீராகிவிட்டது, அவ்வளவு எளிதாகப் பிடிபட்டது.

எல்லாவற்றையும் இந்தக் கேஜ் சொல்லிவிடாது. பாயிண்ட் தேய்ந்தாலோ கண்டன்சர் போனாலோ (இரண்டும் தீப்பொறி தரும் அமைப்பின் பாகங்கள்) முள் தாறுமாறாகத் துள்ளும், எது காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பெட்ரோல் கலவை சரியா என்று அறியப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பு என்றால் நல்லது.

மிக்சர் ஸ்குரூவை முழுக்க உள்ளே திருகியும் இன்ஜின் தடுமாறவில்லை என்றால் முதலில் ஐடில் ஸ்பீடு ஸ்குரூ த்ராட்டிலை அளவுக்கு மேல் திறந்து வைத்திருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டரைத் திறங்கள். த்ராட்டில் ஷாஃப்டையும் ஆட்டிப் பாருங்கள், அது தளர்ந்து காற்று இழுத்தால் ரிப்பேர் கிட் உதவாது, புஷ் (ஷாஃப்ட் சுழலும் துளைக்கான வளையம்) போட வேண்டும்.