உயிலா, செட்டில்மெண்டா, குடும்ப டிரஸ்டா: கணக்குக் கேட்பது யார்?

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. நாற்பதைத் தாண்டிவிட்டான். நூறு ரூபாய்த் தாளும் பத்து ரூபாய்த் தாளும் அவனுக்கு ஒன்றுதான். திருச்சியில் அப்பா கட்டிய மாடி வீடு, அதன் கீழ்ப் போர்ஷன் வாடகை, வங்கியில் ஒரு வைப்புத்தொகை, இவ்வளவுதான் சொத்து. பெற்றோருக்குப் பிறகு அது அவனுக்குச் சோறாகவும் மருந்தாகவும் போய்ச் சேர வேண்டும். உயில், உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்துவிடும் செட்டில்மெண்ட், குடும்ப டிரஸ்ட் மூன்றையும் அலசிவிட்டு டிரஸ்டுக்கு வந்தோம். நானும் அத்தை மகனும் டிரஸ்டிகள், அதாவது தம்பிக்காகச் சொத்தை நிர்வகிப்பவர்கள். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

உயில் எழுதுவது எளிது. பதிவு கட்டாயமில்லை, நினைத்தபோது மாற்றலாம். ஆனால் எழுதியவர் காலமான பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்; யாராவது ஆட்சேபித்தால் விளக்கம் சொல்ல அவர் இருக்க மாட்டார். தம்பி பெயருக்கே எழுதினால் வாடகை ஒப்பந்தம் போடக்கூட அவனால் முடியாது. உயிலிலேயே டிரஸ்ட் ஏற்படுத்தலாம்தான். அப்போதும் டிரஸ்டிகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அப்பா அம்மாவால் கண்ணால் பார்க்க முடியாது.

செட்டில்மெண்ட்தான் நம் பக்கத்தில் அதிகம். குடும்பத்துக்குள் என்றால் செலவும் குறைவு: தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. "தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து மூத்தவன் பெயருக்கு எழுதிவிடுவார்கள். எங்கள் உறவினர் பலர் சொன்னதும் இதைத்தான். எழுதியிருந்தால் வீடு என்னுடையதாகியிருக்கும். நான் கடன்பட்டால் கடன்காரர் அதன்மேல் கை வைக்கலாம். நான் போய்விட்டால் என் மனைவி மக்களுக்குப் போகும். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பராமரிப்பதாக ஏற்று வாங்கிய சொத்தை, அந்தப் பேச்சை மீறினால் ரத்து செய்யப் பிரிவு 23 வழி தருகிறது. அந்தக் கவசம் எழுதிக்கொடுத்த முதியவருக்குத்தான், தம்பிக்கு இல்லை.

டிரஸ்டில் வீடு டிரஸ்டிகளின் பொறுப்பில் இருக்கும். அதன் பலன் தம்பிக்கு. என் சொந்தக் கடனுக்கு அதை ஜப்தி செய்ய முடியாது. நான் இறந்தால் வேறொரு டிரஸ்டியை நியமிக்கிறார்கள், என் வாரிசுகளுக்கு அது போகாது. நடத்துவது 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். அசையாச் சொத்து என்பதால் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் டிரஸ்டிகள் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். அதனால் தண்ணீர் மோட்டார் மாற்றுவதற்கும் அத்தை மகன் கையெழுத்து வேண்டும். பத்திரத்தில் சொல்லாவிட்டால் டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது. நியாயமான செலவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டிரஸ்ட் பணத்தை டிரஸ்டிகள் தங்களில் ஒருவருக்குக் கடனாகக் கூடக் கொடுக்கக் கூடாது. "அடுத்த மாதம் திருப்பிப் போட்டுவிடுகிறேன்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பொறுப்பை ஏற்ற பிறகு நினைத்தபடி விலகவும் முடியாது. யாரையாவது டிரஸ்டியாக இருக்கச் சொல்லுமுன் இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் எந்த வக்கீலும் சொல்வார். எங்களை முடிவெடுக்க வைத்தது கணக்கு. பயனாளி கேட்டால் சொத்தின் நிலையை முழுமையாகத் தெரிவிக்க டிரஸ்டி கடமைப்பட்டவர் என்கிறது டிரஸ்ட் சட்டத்தின் பிரிவு 19. டிரஸ்ட் பத்திரம், சொத்து ஆவணங்கள், கணக்கு, வவுச்சர் எல்லாவற்றையும் பார்த்து நகல் எடுக்கும் உரிமையைப் பிரிவு 57 தருகிறது. செட்டில்மெண்டில் இப்படி யாரும் என்னிடம் கணக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் எங்கள் பயனாளிக்குக் கேட்கத் தெரியாதே?

அதற்கும் மேல் ஒரு சிக்கல். தம்பி காலத்துக்குப் பின் மிஞ்சுவது எனக்கும் அக்காவுக்கும் என்பது அப்பாவின் விருப்பம். அப்படியானால் அவனுக்கு ஒரு பிசியோதெரபி குறைத்தால் அந்தப் பணம் ஒருநாள் என் கைக்கு வரும். நான் நல்லவனாகவே இருக்கலாம், ஆனாலும் அவன் வாழ்க்கை என் நல்ல குணத்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. அதனால்தான் மிச்சத்தில் பங்கே இல்லாத அத்தை மகன் இரண்டாவது டிரஸ்டி. சட்டப்படியான பாதுகாவலராக அக்கா இருக்கிறாள். அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளோருக்கான 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழு நியமித்தது. தன் பொறுப்பில் உள்ளதற்கு ஆண்டுதோறும் அவளும் கணக்குக் கொடுக்க வேண்டும். தம்பி சார்பில் என்னிடம் வவுச்சர் கேட்பவள் அவள்தான். அவளுக்கும் மிச்சத்தில் பங்கு உண்டு என்பதால், ஆண்டுக் கணக்கின் ஒரு நகல் மாமாவுக்குப் போக வேண்டும், அவர் எந்த ரசீதையும் கேட்கலாம் என்று பத்திரத்திலேயே எழுதினோம். மாமா பயனாளி இல்லை; எழுதாவிட்டால் சட்டம் அவருக்கு அந்த உரிமையைத் தராது.

நடைமுறையில் இது ஒரு நீள நோட்டும் ஒரு ஃபைலும்தான். வாடகை வரவு, வீட்டு வரி, மருந்துக்கடை பில், தம்பியைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணின் சம்பளம். மாமா ஒருமுறை, "மாத்திரைச் செலவு ஏன்ப்பா பாதியாக் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார். டாக்டர் ஒரு மருந்தை நிறுத்தியிருந்தார், சீட்டைக் காட்டினேன். அந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அத்தனை நிம்மதி. இதெல்லாம் அப்பா அம்மா கண்முன்னேயே நடக்கிறது.

குறைகளும் உண்டு. ரத்து செய்யும் அதிகாரத்தைப் பத்திரத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் பிறகு மனம் மாறினாலும் லேசில் திரும்ப முடியாது. வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று நிச்சயிக்காமல் டிரஸ்டிகள் விருப்பத்துக்கு விட்டால் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும். விதிவிலக்குகள் இருக்கின்றன, எங்களுக்கு அனுபவம் ஒரே பயனாளியோடுதான் என்பதால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். தகராறு நீதிமன்றம் போனால் எப்படி இழுக்கும் என்பதையும் நான் பட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்று. விவரமுள்ள ஒரே மகன் வீட்டை விற்றுவிடக் கூடாது என்பதற்காக மட்டும் டிரஸ்ட் எழுத நினைப்பவர்கள் டிரஸ்ட் சட்டத்தின் பிரிவு 56ஐப் படித்துவிடுங்கள். ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள ஒரே பயனாளி, சொத்தைத் தன் பெயருக்கே மாற்றித் தரும்படி டிரஸ்டியைக் கேட்கலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு உயிலே போதும்.