90 நாள் உள்ளே, நாலரை வருடம் வெளியே

மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்து நாலரை வருடம் ஆகிறது. கடைசியாகக் குடித்து மூன்று வருடம் பதினொரு மாதம். இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததற்குக் காரணம் உண்டு, அதையும் எழுதுகிறேன். வெளியே வந்த புதிதில் பலரும் "பலன் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். தெரிந்தது என்றுதான் சொன்னேன். ஆனால் குடி எட்டாத இடத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறவனுக்கு உடம்பு தேறியிருக்கும், முகம் தெளிந்திருக்கும். குடியை விட்டானா என்பது அதற்குள் தெரியாது. அதனால்தான் இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன்.

நான் முதலில் போனது வேறொரு இடம். "மருந்தே கிடையாது, எல்லாம் இயற்கை முறை" என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது பிடித்துப்போனது, எனக்கும்தான். பதினெட்டு வருடம் தினமும் குடித்த உடம்பு. உள்ளே போன அன்று இரவே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பித்தன. மறுநாள் இரவு வலிப்பு வந்து விழுந்தேன். அங்கே டாக்டர் இல்லை. அண்ணன் வந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்குப் பிறகு, மூன்றாம் நாளை ஒட்டி, சிலருக்கு இடமும் நேரமும் புரியாத குழப்பம் வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், நாடி தாறுமாறாக ஓடும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று இதற்குப் பெயர். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மனஉறுதி இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இங்கே மனதுக்கு வேலையே இல்லை. இத்தனை வருடம் மதுவின் அழுத்தத்துக்குப் பழகிப்போன நரம்பு மண்டலம், அந்த அழுத்தம் போனதும் கட்டுமீறி விழித்துக்கொள்கிறது.

இரண்டாவதாகப் போன இடத்தில்தான் 90 நாள் இருந்தேன். முதல் பத்து நாள் டீடாக்ஸ், அதாவது டாக்டர் கண்காணிப்பில் உடம்பை மதுவிலிருந்து மீட்கும் கட்டம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் வந்து கையை நீட்டச் சொல்வார்; நடுக்கம், வியர்வை, பதற்றம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார். அதைப் பார்த்துத்தான் அன்றைய மாத்திரை அளவை டாக்டர் முடிவு செய்வார், நாளுக்கு நாள் குறைப்பார். வைட்டமின் பி1 ஊசி முதல் நாளே போட்டார்கள். நீண்ட நாள் குடித்தவர்களிடம் அந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அப்படியே விட்டால் நினைவாற்றலும் நடையும் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். அந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. சிஸ்டரின் குரல் மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு தினசரி ஒழுங்கு. காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், இரவு பத்துக்கு விளக்கு அணையும். யோகா, மூச்சுப் பயிற்சி, தோட்ட வேலை, ஓவியம், வாரம் ஒருநாள் மசாஜ். இதையெல்லாம் முன்னிறுத்தித்தான் முழுமையான சிகிச்சை என்று விளம்பரம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் யோகா உடம்புக்கு நல்லது, மூச்சுப் பயிற்சி பதற்றத்துக்கு நல்லது, மசாஜ் சுகமாக இருந்தது. இவற்றால் ஒருவர் குடியை விட்டுவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நேரத்துக்கு எழுவதும் நேரத்துக்குச் சாப்பிடுவதும் என்னை உண்மையிலேயே மாற்றின. இரவு தூக்கமே வராவிட்டாலும் காலை ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும். அந்த விதியை அப்போது வெறுத்தேன். இன்றும் வீட்டில் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

சிகிச்சையின் உயிர் என்று எனக்குத் தோன்றுவது குழுப் பகிர்வு. இருபது பேர் வட்டமாக உட்காருவோம். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்போம். அறிவுரை சொல்லக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகளாக உட்கார்ந்து பேசிக்கொண்டதிலிருந்துதான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்தது. எங்கள் வட்டமும் அந்த வழியில் வந்ததுதான். பதினெட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள், என்னைவிட இருபது வயது சின்னப் பையன் ஒருவன், பாட்டிலை ஒளித்துவைக்க அவன் கண்டுபிடித்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாமே நான் ஒளித்துவைத்த இடங்கள். அன்றைக்குப் பேசினேன்.

குடும்ப அமர்வு அதைவிடக் கடினமாக இருந்தது. ஏழாவது வாரம் மனைவியும் மகளும் வந்தார்கள். மகளுக்கு அப்போது பத்து வயது. கவுன்சலர் அவளிடம் எதையும் தூண்டிக் கேட்கவில்லை, "அப்பா வர்ற நேரத்துல நீ என்ன செய்வே?" என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள்: "வண்டிச் சத்தம் கேட்பேன். வந்த உடனே இன்ஜினை நிறுத்திட்டா அப்பா நல்லா இருக்கார். ரொம்ப நேரம் ஓடிட்டே இருந்தா லைட்டை அணைச்சிட்டுத் தூங்குற மாதிரி படுத்துப்பேன்." எனக்கு அது தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. இரண்டு வருடமாக அந்தக் குழந்தை தினமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. அந்த மையத்தில் நடந்த எல்லாவற்றிலும் எனக்குள் இன்னும் அப்படியே இருப்பது இது ஒன்றுதான். குடும்பத்தை அழைக்காத மையமாக இருந்தால் நான் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வீட்டுக்கு எடுத்துவந்த இன்னொன்று ஒரு சின்ன நோட்டு. குடிக்க வேண்டும் என்ற வெறி எழும்போது அதோடு சண்டை போடாதீர்கள், கடலில் அலை ஏறி இறங்குவதைப் போலப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையாம். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், அப்போது எனக்குப் பசியா, கோபமா, தனிமையா, களைப்பா என்று எழுத வேண்டும். நான் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளில் அரை மணி நேரத்தைத் தாண்டிய அலை ஒன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் பசி என்றுதான் எழுதியிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. வெளியே போனபின் என்ன செய்வது என்பதற்கு அவர்கள் ஒதுக்கியது கடைசி ஒரு மணி நேரம். ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். புகைப்பதைக் கண்டுகொள்ளவே இல்லை, அதனால் நான் முன்பைவிட இரண்டு மடங்கு சிகரெட்டோடு வீடு திரும்பினேன். அதைக் கைவிட இன்னும் இரண்டு வருடம் ஆனது. குடிவெறியைக் குறைக்கும் மருந்துகள் இருப்பதே எனக்கு வெளியே வந்தபிறகுதான் தெரியும். நால்ட்ரெக்சோன் 1994-லேயே அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதி பெற்றது, அகாம்ப்ரோசேட்டும் இருக்கிறது. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து, எது பொருந்தும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடக்கும். சில வீடுகளில் குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். ஆளையே கொன்றுவிடக்கூடிய காரியம், செய்யாதீர்கள்.

என் அறையில் இருந்தவர் ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) போதைக்காக வந்தவர். அவருக்கு டாக்டர் சொன்னது எனக்கும் பயத்தைத் தந்தது: சில வாரம் நிறுத்திய பிறகு உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும், வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அந்த விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்தை வீட்டில் வைத்திருக்கவும், அதைக் கொடுப்பது எப்படி என்று அவர் தம்பிக்குக் கற்றுக்கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அதை நல்ல வேலை என்று மனதாரச் சொல்வேன்.

சரி, வீடு. பகல் சமாளிக்க முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு உடம்பே கடிகாரமாகிவிடும். கை எதையோ தேடும். அந்த ஒரு மணி நேரத்தை நிரப்ப நடக்க ஆரம்பித்தேன், மகளும் கூட வருவாள். இரவுதான் என்னால் முடியவில்லை. குடித்தால் தூக்கம் வரும் என்றுதான் வருடக்கணக்காக நினைத்திருந்தேன். சீக்கிரம் கண்ணை மூட வைக்கிற மது, பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடுகிறது என்பதையும், விட்ட பிறகு தூக்கம் சீராக மாதங்கள் ஆகலாம் என்பதையும் மையத்தில் சொல்லியிருந்தார்கள். சொன்னதைக் கேட்பது வேறு, மூன்று மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது வேறு.

ஏழாம் மாதம், தொடர்ந்து நான்கு நாள் தூக்கமில்லாத ஒரு இரவில் குடித்தேன். தூக்கத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடியும்போது நடுக்கத்தோடு எழுந்து கவுன்சலருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க? நோட்டுல எழுதுனீங்களா?" என்றுதான் கேட்டார். எழுதவில்லை. இரண்டு மாதமாகவே எழுதவில்லை, குழுப் பகிர்வுக் கூட்டங்களுக்கும் போகவில்லை. அன்றே டாக்டரைப் பார்த்தேன், மருந்து ஆரம்பித்தது அதன்பிறகுதான். சிகிச்சைக்குப் பின் மறுபடி போதைக்குத் திரும்புகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் திரும்புவதோடு அதை ஒப்பிடுகிறது. மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "சரி, இன்னைக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

அவளுக்கு என்மேல் நம்பிக்கை வர அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆனது. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை என்பதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வாரம் இரவில் டாக்டர் இருக்கிறாரா? வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? மனச்சோர்வு போன்ற நோயும் கூட இருந்தால் யார் பார்ப்பார்கள்? குடும்பத்துக்கு அமர்வு உண்டா? வெளியே வந்த முதல் வருடம் யார் போனை எடுப்பார்கள்? பூட்டிவைப்பது, அடிப்பது என்று காதில் விழுந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். யோகா உண்டா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது வியாழக்கிழமைதோறும் அதே மையத்துக்குப் போய், புதிதாக வந்தவர்களோடு உட்காருகிறேன். போன வாரம் ஒருவர், வந்து ஆறு நாள்தான் ஆகிறது, பேனாவைப் பிடிக்கக்கூட முடியாமல் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணே, தூக்கம் எப்போ வரும்?"

எனக்கு ஒரு வருடம் ஆனது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. காலை ஐந்தரைக்கு எழுவதை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லி, என் நம்பரை அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.