ஓடும் நாயும் கேமரா மீட்டரிங்கும்: நான்கு வருட அனுபவம்

கருப்பியின் படத்தை முதன்முதலில் காட்டியபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. “என்ன தம்பி, என் பொண்ணு மேல சாம்பல் பூசி வெச்சிருக்கீங்க?” கருப்பி கன்னி இன நாய். வெயிலில் எண்ணெய் தடவியதுபோல் மின்னும் கருப்பு. என் படத்தில் அவள் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தாள். அதே காலையில் எடுத்த எங்கள் வெள்ளை ராஜபாளையம் நாய் முத்துவோ, நாலு நாள் கட்டிய வேட்டிபோல் மங்கிக் கிடந்தான். ஒரே கேமரா, ஒரே வெளிச்சம், இரண்டு படங்களுக்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இல்லை.

நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறேன். நான்கு வருடமாக நிக்கான் டி7500, ஒரு 70-300 லென்ஸ். எடுப்பது பெரும்பாலும் நாய்களைத்தான். கப்பன் பார்க்கில் நாயைப் பொதுவாக அவிழ்த்துவிடக் கூடாது என்பதால் நடை, துள்ளல் எல்லாம் அங்கே. முழு ஓட்டத்துக்கு ஹென்னூர் தாண்டி நண்பர் ஒருவரின் வேலி போட்ட காலி மனை. செம்மண் தரை, ஓரத்தில் கொஞ்சம் புல், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு இடங்களிலும் கற்றது.

முதலில் அந்தச் சாம்பல் விஷயம். கேமராவின் மீட்டர் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது, இதுதான் மீட்டரிங். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. எந்த பிராண்டு வாங்கினாலும் அடிப்படை இதுதான். கருப்பு நாய் ஃப்ரேமை நிறைத்தால் இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளை நாய் நிறைத்தால் குறைக்கும். அதனால் கருப்பிக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டரின் கணக்கை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் பக்கம் 0.7 முதல் 1 ஸ்டாப் வரை தள்ள வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அல்லது பாதி. முத்துவுக்கு பிளஸ் பக்கம். புதிதாக வருகிறவர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கருப்பு நாய் என்றதும் கை தானாக பிளஸ் பக்கம் போகிறது.

அடுத்து நான் போனது ஸ்பாட் மீட்டரிங்குக்கு. நாயை மட்டும் அளந்தால் போதுமே, பின்னணி எப்படி இருந்தால் என்ன என்ற எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்தக் கேமராவில் ஸ்பாட் என்பது 3.5 மில்லிமீட்டர் வட்டம், ஃப்ரேமில் சுமார் 2.5 சதவீதம். நாம் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் பாயிண்டோடு (கூர்மை பிடிக்கும் புள்ளி) அதுவும் நகரும். நிற்கும் நாய்க்கு அருமை. ஏழெட்டு மாதம் அதையே வைத்துக்கொண்டு ஓடும் நாய்களை எடுத்தேன்.

எங்கள் தெரு நாய் மணிக்கு உடம்பு கருப்பு, நெஞ்சு வெள்ளை. ஒரு மேகமூட்டமான காலையில் அவன் என்னை நோக்கி ஓடிவந்து, கடைசியில் இடப்பக்கம் வளைந்து போனான். ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/1600 விநாடி, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஐஎஸ்ஓ (எண் ஏற ஏற படம் வெளிச்சமாகும்) ஆட்டோவில். விநாடிக்கு எட்டு படம், மொத்தம் பன்னிரண்டு ஃப்ரேம். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நேராக வரும்போது ஃபோகஸ் பாயிண்ட் வெள்ளை நெஞ்சில் இருந்திருக்கிறது: ஐஎஸ்ஓ 250. படம் முழுக்க இருட்டு, கண் இருக்கும் இடமே தெரியவில்லை. ஐந்தாவது ஃப்ரேமில் உடம்பைத் திருப்புகிறான். புள்ளி கருப்பு விலாவில் விழுகிறது: ஐஎஸ்ஓ 2000. செம்மண் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டது, நெஞ்சு முடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரை விநாடிக்குள் மூன்று ஸ்டாப் வித்தியாசம். வெளிச்சமோ கொஞ்சமும் மாறவில்லை. ஐஎஸ்ஓவை 640 அல்லது 800-ல் நிறுத்தி வைத்திருந்தால் பன்னிரண்டும் உருப்பட்டிருக்கும்.

அந்தப் பன்னிரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: நான் அளக்க வேண்டியது நாய் ஓடுகிற வெளிச்சத்தை. நாயின் தோலை அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு பொதுவான குழப்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேனுவல் மோடுக்குப் போய்விட்டால் மீட்டரிங் பற்றிக் கவலை இல்லை என்று நினைக்கிறோம். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கும்வரை அது உண்மை இல்லை. மணியை எடுத்ததும் மேனுவலில்தான். ஷட்டரும் அபர்ச்சரும் நம் கையில் இருந்தாலும் ஐஎஸ்ஓவை மீட்டர்தான் முடிவு செய்கிறது. காம்பன்சேஷன் கொடுத்தால் அந்த ஐஎஸ்ஓதான் ஏறி இறங்குகிறது.

சரி, இப்போது என்ன செய்கிறேன்?

ஜனவரி, பிப்ரவரியில் பெங்களூர் வானம் தெளிவாக இருக்கும். காலை எட்டு மணிக்குமேல் வெயில் நிலையாக நிற்கும். அப்போது எல்லாமே மேனுவல், ஐஎஸ்ஓவும் சேர்த்து. வெயிலில் உள்ளங்கையை நீட்டி, ஸ்பாட்டில் அதை அளப்பேன். உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு, ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதும் இல்லை. அதனால் மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டாப் கூட்டிவிடுவேன். பெரும்பாலும் 1/2000, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 என்ற அளவில் வந்து நிற்கும். அதன்பின் கருப்பி ஓடினாலும் முத்து ஓடினாலும் எதையும் தொடுவதில்லை. கருப்பு கருப்பாக வருகிறது, வெள்ளை வெள்ளையாக வருகிறது. முத்துவின் முதுகு வெயிலில் எரிகிறதா (விவரம் போய் வெறும் வெள்ளையாகிறதா) என்று மட்டும் ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருட்டு, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைப்பேன். ஸ்பாட்டுக்கு என் கையில் இப்போது இருக்கும் முக்கிய வேலை இந்த உள்ளங்கை அளவுதான்.

ஜூன் வந்துவிட்டால் இது நடக்காது. தென்மேற்குப் பருவக்காற்றில் மேகங்கள் வரிசையாக ஓடும். வெயில் வருவதும் மறைவதும் ஒரு ஓட்டத்துக்குள்ளேயே நடந்துவிடும், இரண்டு ஸ்டாப் சாதாரணமாக மாறும். கையால் துரத்த முடியாது. அப்போது மேட்ரிக்ஸ் மீட்டரிங், ஐஎஸ்ஓ ஆட்டோ, நாயின் நிறத்துக்கு ஏற்ற காம்பன்சேஷன். மேட்ரிக்ஸ் ஃப்ரேம் முழுவதையும் நிறத்தோடு பார்க்கிறது, லென்ஸ் சொல்லும் தூரத்தையும் கணக்கில் எடுக்கிறது. நாய் சிறியதாக, செம்மண்ணும் புல்லும் நிறைய இருக்கும் ஃப்ரேமில் அது பெரிய தவறு செய்வதே இல்லை. நாய் நெருங்கி வந்து ஃப்ரேமை அடைக்கும்போதுதான் நிறம் இழுக்க ஆரம்பிக்கும். அதனால் கருப்பிக்கு -0.7 முன்கூட்டியே வைத்துவிடுகிறேன். தூரத்து ஃப்ரேம்கள் கொஞ்சம் இருட்டாக வரும், ரா (RAW, கேமரா பதப்படுத்தாத கோப்பு) வடிவில் எடுப்பதால் பிறகு வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளலாம்.

சென்டர் வெயிட்டட் மீட்டரிங்கை ஓட்டத்துக்கு அதிகம் பயன்படுத்தியதில்லை. நடுவில் உள்ள 8 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 75 சதவீத முக்கியத்துவம் தருகிறது. நாய் ஃப்ரேமின் ஓரத்துக்குப் போனால் அது அளப்பது தரையை. உட்கார்ந்திருக்கும் நாய்க்கு நன்றாகவே இருக்கும்.

கப்பன் பார்க்கின் மர நிழல் தனிக் கதை. தரையெல்லாம் காசு சிதறியதுபோல் வெயில் துண்டுகள். முத்து அதில் துள்ளும்போது முதுகில் ஒரு துண்டு விழுந்தால் அந்த இடம் வெள்ளைக் காகிதமாகிவிடும், எடிட்டிங்கில் எதுவும் திரும்பி வராது. இதற்கு ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங். 2014-ல் டி810 கேமராவோடு நிக்கான் கொண்டுவந்தது, டி7500-லும் இருக்கிறது. ஃப்ரேமில் உள்ள அதிக வெளிச்சமான இடத்தைக் காப்பாற்றும்படி எக்ஸ்போஷர் வைக்கிறது. நான் அதை முன்பக்க எஃப்என் பட்டனுக்குக் கொடுத்திருக்கிறேன். அழுத்திப் பிடிக்கும்வரை அது, விட்டால் மேட்ரிக்ஸ். படம் கேமரா திரையில் பயமுறுத்தும் அளவுக்கு இருட்டாகத் தெரியும். ரா கோப்பில் நிழலைத் தூக்கினால் முத்துவின் முடி ஒவ்வொன்றும் இருக்கும். கருப்பிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். பின்னால் வானம் ஒரு துளி தெரிந்தாலும் அவளை முழுக்க இருட்டில் தள்ளிவிடும், அங்கிருந்து தூக்கினால் கருப்பு முழுக்க புள்ளிப் புள்ளியாக நிற்கும்.

நண்பரிடம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) கேமரா இருக்கிறது. வ்யூஃபைண்டரிலேயே எக்ஸ்போஷர் தெரிகிறது, எரியும் இடத்தில் வரிக்கோடு ஓடுகிறது. வசதிதான், வாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் நாய் ஓட ஆரம்பித்தபின் அந்தக் கோடுகளைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. எதை அளப்பது என்ற முடிவை அவரும் முன்னாலேயே எடுத்துவிடுகிறார்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் மணிதான். அவனுக்கு வயதாகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு ஃப்ரேம்களுக்குப் பிறகு அவன் அப்படி ஓடி நான் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டான். இருட்டாக வந்தவற்றில் ஒன்றை மட்டும் மிகவும் முயன்று மீட்டேன். நான்கு கால்களும் தரையில் இல்லை, காதுகள் பின்னால் பறக்கின்றன, கண் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. தெருமுனை டீக்கடை அண்ணன் அதை பிரிண்ட் போட்டு பிஸ்கட் ஜாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறார். கருப்பியின் படத்தைப் போன ஜனவரியில் உள்ளங்கையை அளந்து எடுத்தேன். அக்கா ஃபோனை வெயிலுக்குக் கொண்டுபோய், கருப்பியையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இதான் அவ கலரு” என்றார்.